புள்ளி விழுங்கிய நிரல்

ஆடி மாதக் கொடைக்காக இசக்கியம்மன் கோயில் கமிட்டிக்காரர்கள் 40 எவர்சில்வர் தட்டு வாங்கிப் போனார்கள். திருநெல்வேலி டவுணில் ரத வீதியை ஒட்டிய பாத்திரக்கடை அது. அந்தக் கடையின் பில், இருப்பு, பேர் வெட்டும் சீட்டு எல்லாமே நான் எழுதிய மென்பொருளில்தான் ஓடுகின்றன. மறுநாள் காலை கமிட்டிக்காரர் ஒருவர் தட்டோடு கடைக்கு வந்து நின்றார். விளிம்பில் ‘இசக்கியம்மன் கோயில’ என்று வெட்டியிருந்தது. 40 தட்டிலும் அப்படியே.

“கோயில்ல புள்ளியக் காணோமே அண்ணாச்சி. அம்மனுக்குப் போற தட்டுல்லா?” என்று கடை அண்ணாச்சியிடம் சொன்னார். சத்தம் போடவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். அதனால் எனக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது.

சீட்டை எடுத்துப் பார்த்தேன். பேர் வெட்டுபவர் தப்பாக வெட்டவில்லை. சீட்டிலேயே அப்படித்தான் அச்சாகியிருந்தது. புள்ளியைத் தின்றது என்னுடைய நிரல்.

2009-ல் சென்னை வேலையை விட்டுவிட்டு பாளையங்கோட்டைக்குத் திரும்பினேன். அன்றிலிருந்து நம்ம பக்கத்துக் கடைகளுக்கு மென்பொருள் எழுதுவதுதான் பிழைப்பு. இந்தப் பாத்திரக்கடை, ஒரு கருப்பட்டி மொத்த வியாபாரி, பத்தமடையில் ஒரு கோரைப்பாய் வியாபாரி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. எல்லாம் பிஎச்பி (PHP) என்ற நிரல்மொழியில் எழுதியவை. கடையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரிலும் அது ஓடும், மலிவான ஹோஸ்டிங்கிலும் ஓடும். காலையில் ஒரு வரியைத் திருத்தினால் அடுத்த பில்லில் அது வந்துவிடும். சின்ன வியாபாரிக்கு மென்பொருள் எழுதுகிறவனுக்கு இது சாதாரண வசதி இல்லை.

ஆனாலும் பல வருஷம் அந்த மொழியோடு நான் நிம்மதியாக இருக்கவில்லை. காலையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தொழில்நுட்பச் செய்தி படிப்பது என் பழக்கம். எந்த மொழி ஏறுகிறது, எது இறங்குகிறது, எதைக் கற்றால் எதிர்காலம் என்று தினமும் ஒன்று வரும். பிஎச்பி செத்துவிட்டது என்று வருஷத்துக்கு ஒருமுறையாவது யாராவது எழுதிவிடுவார்கள். தென்காசிக்குப் பக்கம் மத்தளம்பாறையில் 2011-ல் ஸோஹோ மென்பொருள் நிறுவனம் வந்தபிறகு, சொந்த ஊரை விட்டுப் போகாமலே மென்பொருள் வேலை பார்க்கும் பிள்ளைகள் நம்ம பக்கம் பெருகிவிட்டார்கள். அவர்களோடு பேசும்போது புதுப்புது மொழிகளின் பெயர்கள் வரும். கேட்கச் சந்தோஷமாக இருக்கும். வீட்டுக்கு வந்து என் நிரலைத் திறந்தால் மனசு சுருங்கும்.

அந்தச் சுருக்கத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995-ல் பிஎச்பியை வெளியிட்டபோது முழுமையான ஒரு மொழியைச் செய்யவேண்டும் என்ற எண்ணமே அவருக்கு இல்லை. தன் இணையப் பக்கத்துக்கு யார் யார் வருகிறார்கள் என்று பார்க்கச் செய்துகொண்ட கருவிகள்தான் அவை. தேவைக்குத் தேவை அறை சேர்த்துக் கட்டிய வீடு மாதிரி வளர்ந்துவிட்டது. தொடக்க நாட்களில் ஃபங்ஷன் (ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் நிரல் துண்டு) பெயர்களை உள்ளே பிரித்து அடுக்க, பெயரின் நீளத்தையே கணக்காக வைத்திருந்தாராம். எல்லாப் பெயரும் ஒரே நீளத்தில் இருந்தால் தேடல் மெதுவாகிவிடும் என்பதால் நீளத்தை மாற்றி மாற்றிப் பெயர் வைத்ததாக அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். ‘எச்டிஎம்எல் ஸ்பெஷல் சார்ஸ்’ போன்ற நீட்டுப் பெயர்கள் அப்படி வந்தவை. ஒரு ஃபங்ஷனில் தேடும் பொருளை முதலில் கொடுக்கவேண்டும், இன்னொன்றில் தேடப்படும் இடத்தை முதலில் கொடுக்கவேண்டும். இத்தனை வருஷம் ஆகியும் நான் கையேட்டைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

தமிழில் எழுதுகிறவனுக்கு இன்னொரு பெரிய குறை உண்டு. எழுத்து என்றால் என்ன என்பதே இந்த மொழிக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது பைட் மட்டும்தான், அதாவது கம்ப்யூட்டர் எதையும் சேமித்துவைக்கும் சின்ன அலகு. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுப்பது யூனிகோடு. அதை பைட்டாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். ‘நெல்லை’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது நெ, ல், லை என்று 3 எழுத்து. யூனிகோடில் ந, எகரக் கொம்பு, ல, புள்ளி, ல, ஐகாரக் கொம்பு என்று 6 குறியீடு. நீளத்தைச் சொல்லும் பிஎச்பியின் ‘ஸ்டர்லென்’ ஃபங்ஷன் 18 என்று சொல்லும். இதைச் சரிசெய்ய பிஎச்பி 6 என்று ஒரு பெரிய முயற்சி நடந்தது. உள்ளுக்குள் எல்லாச் சரங்களையும் (எழுத்துத் தொடர்களையும்) யூனிகோடாகவே வைத்துக்கொள்வது என்பது திட்டம். அது முடிவுக்கு வராமல் 2010-ல் கைவிட்டார்கள். 5-க்கு அடுத்து நேராக 7 வந்ததற்குக் காரணம் அதுதான்.

நான் வாங்கிய முதல் அடி இங்கேதான். பில்லில் ஊர்ப் பெயருக்கு 20 இடம் ஒதுக்கி அதற்குமேல் வெட்டச் சொல்லியிருந்தேன். ‘பாளையங்கோட்டை’ 39 பைட். 20-ல் வெட்டினால் 6 குறியீடு முழுசாக வரும், மீதி 2 பைட் அரைகுறையாகத் தொங்கும். பில்லில் ‘பாளையங’ என்று வந்து பக்கத்தில் ஒரு கேள்விக்குறிக் கட்டம் நின்றது. அப்போதுதான் ‘எம்பி சப்ஸ்டர்’ என்ற ஃபங்ஷனைத் தெரிந்துகொண்டேன். அது பைட்டை விட்டுக் குறியீட்டை எண்ணும். எல்லா இடத்திலும் அதை மாற்றிப் போட்டேன். கட்டம் மறைந்தது. பிரச்சினை தீர்ந்தது என்று அந்தப் பக்கமே திரும்பாமல் இருந்துவிட்டேன். தட்டு விஷயத்துக்கு இதுதான் வேர். அதற்கு அப்புறம் வருகிறேன்.

2016 கடைசியில் பாத்திரக்கடை மென்பொருள் முழுவதையும் கோ (Go) என்ற மொழியில் புதிதாக எழுத ஆரம்பித்தேன். அந்தச் சமயம் செய்திகளில் அடிக்கடி அடிபட்ட மொழி அது. வேகமும் உண்டு, கட்டுப்பாடும் உண்டு, படிக்கவும் சுத்தமாக இருக்கும். இன்றும் அதன்மேல் எனக்கு மரியாதைதான். ராத்திரி ராத்திரியாக 8 மாதம் எழுதினேன். முக்கால்வாசி முடிந்திருந்த நேரத்தில் 2017 ஜூலை 1-ம் தேதியிலிருந்து ஜிஎஸ்டி என்பது உறுதியாகிவிட்டது. அண்ணாச்சி கூப்பிட்டு, “தம்பி, ஒண்ணாந்தேதி பில்லு புது வரியில வரணும். புதுசோ பழசோ, எதுல வேணும்னாலும் போடுங்க, ஆனா வந்துரணும்” என்றார்.

புதிய நிரலை அந்தத் தேதிக்குள் கரைசேர்க்க முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. காரணம் மொழி இல்லை. பழைய நிரலுக்குள் ஏழு வருஷக் கடை இருந்தது. பழைய பித்தளை எடுத்துக்கொண்டு புதுப் பாத்திரம் கொடுக்கும்போது, உள்ளே ஈயம் பூசியிருந்தால் எடையில் எவ்வளவு கழிப்பது, சீர்வரிசைக்கு மொத்தமாக எடுத்தால் எந்தெந்தச் சாமானுக்குக் கழிவு கிடையாது, பேர் வெட்டும் கூலியை எந்த வரியில் காட்டுவது என்று சின்னச் சின்ன முடிவுகள் அதில் நூற்றுக்கணக்கில் கிடந்தன. ஒவ்வொன்றும் யாரோ ஒரு வாடிக்கையாளர் கவுண்டரில் நின்று கேட்டதனால் சேர்ந்தது. எதற்கும் குறிப்பு எழுதி வைக்கவில்லை. அசிங்கம் என்று நான் நினைத்த பல வரிகள் கடையின் ஞாபகம். அதை விட்டுவிட்டு அழகான நிரலை மட்டும் நான் கட்டிக்கொண்டிருந்தேன்.

பழைய பிஎச்பியிலேயே மூன்று வாரத்தில் ஜிஎஸ்டி போட்டேன். கடை ஒரு நாளும் நிற்கவில்லை. புதிய நிரல் அப்படியே கிடப்பில் போயிற்று.

அந்த 8 மாதம் வீண் என்று சொல்லமாட்டேன். கோ மொழியிலும் ‘நெல்லை’யின் நீளம் 18 பைட்தான். 20-ல் வெட்டினால் அங்கேயும் எழுத்து பிளக்கும். 19.99 என்ற தசம எண்ணை 100-ஆல் பெருக்கி முழு எண்ணாக்கினால் 1999 பைசா வரவேண்டும். 1998 வரும். இதற்காக நான் பிஎச்பியைத் திட்டித் தீர்த்திருக்கிறேன். உண்மையில் கம்ப்யூட்டர் தசமத்தை இரும எண்ணில் வைத்துக்கொள்ளும் முறையால் வரும் வித்தியாசம் அது. அநேக மொழிகளில் அப்படியேதான் வரும். மருந்து ஒன்றுதான்: பணத்தைத் தசமத்தில் வைக்காதீர்கள், பைசாவில் முழு எண்ணாக வையுங்கள். மொழியின் குறை என்று நான் மூட்டை கட்டி வைத்திருந்ததில் பாதி, எண்ணின் இயல்பும் தமிழ் எழுத்தின் இயல்பும் என்று இன்னொரு மொழிக்குப் போய்த்தான் எனக்குப் புரிந்தது. மீதிப் பாதி பிஎச்பியின் சொந்தக் குறைதான். அதில் சந்தேகமில்லை.

இனி தட்டுக்கு வருகிறேன். கடையில் பேர் வெட்டும் ஆசாரி எழுபதை ஒட்டிய வயசுக்காரர். உளியும் சின்னச் சுத்தியலும் வைத்துக்கொண்டு குத்திக் குத்தி எழுதுவார். அன்று அவர் ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில் போய்விட்டார். தொழில் பழகிக்கொண்டிருந்த மருமகன்தான் சீட்டைப் பார்த்து 40 தட்டையும் வெட்டியிருக்கிறான். சாயங்காலம் ஆசாரி வந்ததும் நடந்ததைச் சொன்னேன். சீட்டை வாங்கிப் பார்த்தார்.

“ஆமா, புள்ளி விழும்லா? எம்புட்டு நாளா நாந்தான் வச்சுக்கிட்டு இருக்கேன். அடிக்கடி வராது. என்ன எழுத்துன்னு நமக்குத் தெரியாதா?”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா ஐயா?”

“இதப் போய் என்னத்தச் சொல்ல? வச்சுட்டுப் போவ வேண்டியதுதான?”

மாதக்கணக்கில் என் பிழையை அவர் கையால் திருத்திக்கொண்டு இருந்திருக்கிறார். எனக்கும் தெரியாது, மருமகனுக்கும் தெரியாது. சீட்டில் 18 குறியீட்டுக்குமேல் வெட்டச் சொல்லியிருந்தேன். ‘இசக்கியம்மன் கோயில்’ என்பதில் இடைவெளியையும் சேர்த்து 19 குறியீடு. பத்தொன்பதாவது, கடைசி ல்-இன் புள்ளி. ‘எம்பி சப்ஸ்டர்’ பைட்டைப் பிளக்காது, ஆனால் எழுத்தைப் பிளந்துவிடும். அதற்கு ல ஒன்று, புள்ளி இன்னொன்று. நாம் எழுத்து என்று சொல்வதை முழுசாக எண்ணுவது ‘கிராஃபீம் சப்ஸ்டர்’ என்ற வேறொரு ஃபங்ஷன். பிஎச்பியோடு ‘இன்டல்’ என்ற நீட்சியைச் சேர்த்தால் கிடைக்கும். தமிழில் வெட்டவோ எண்ணவோ வேண்டியிருந்தால் அதைத்தான் எடுக்கவேண்டும். தமிழில் நிரல் எழுதுகிற யாரைப் பார்த்தாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

ஆசாரி உளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். தட்டுக்கு ஒரு குத்து. 40 தட்டுக்கும் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கமிட்டிக்காரர் சந்தோஷமாக வாங்கிப் போனார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. குறையுள்ள கருவியோடு ஆசாரிக்கு எந்தச் சண்டையும் இல்லை. அந்தப் பக்குவம் எனக்கு வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆனால் அவர் ஒரு நாள் இல்லை என்றதும் 40 தட்டு கெட்டுப்போயிற்று. பொறுத்துக்கொண்டு போவது பொறுக்கிற ஆள் இருக்கும்வரைதான் ஓடும். அடுத்து வருகிற ஆளுக்கும் அது கிடைக்கவேண்டும் என்றால் குறை எங்கே இருக்கிறது என்று எழுதி வைக்கவேண்டும். மறுநாளே ஒரு நீளக் கணக்கு நோட்டு வாங்கினேன். பிஎச்பியால் கையைச் சுட்டுக்கொண்ட ஒவ்வொன்றையும் தேதி, கடை, காரணம், வேலி என்று எழுத ஆரம்பித்தேன். ‘வேலி’ என்றால் அது மறுபடி நடக்காமல் இருக்க நிரலில் என்ன செய்தேன் என்பது.

சமம் என்ற குறிதான் நோட்டில் அதிக இடத்தைப் பிடித்திருக்கிறது. கடையில் அலமாரிகளுக்கு எண் கொடுத்திருந்தோம். முதல் வரிசை, ஆங்கில எழுத்து ‘ஈ’ அடுக்கு, மூன்றாவது தட்டு. சேர்த்து எழுதினால் 1-ஈ-3, நடுவில் கோடு இல்லாமல். அதில் பித்தளைக் குத்துவிளக்கு. கரண்டிக்கு எண் 1000. கரண்டி விற்றால் குத்துவிளக்கின் இருப்பும் குறைந்தது. இரண்டு நாள் தேடினேன். 1-ஈ-3 என்பதை பிஎச்பி விஞ்ஞானக் குறியீட்டு எண்ணாக, ஒன்றுக்குப் பின்னால் மூன்று சுழியாகப் படித்திருக்கிறது. அதாவது 1000. இரட்டைச் சமக்குறி ‘==’ போட்டால் இரண்டும் ஒன்று என்று சொல்லும். பிஎச்பி 8-லும் அப்படித்தான். மூன்று குறி ‘===’ போட்டால்தான் எழுத்தை எழுத்தாகவே ஒப்பிடும். வேலி: எந்த நிரலிலும் இரட்டைக் குறி கூடாது. ஒவ்வொரு கோப்பின் தலையிலும், ஃபங்ஷனுக்குத் தப்பான வகையைக் கொடுத்தால் மறுக்கும் ‘ஸ்ட்ரிக்ட் டைப்ஸ்’ அறிவிப்பு வேண்டும். பிஎச்பி 8-ல் வந்த ‘மேட்ச்’ கறாராக ஒப்பிடும் என்பதால் ஒரு மதிப்பைப் பலவற்றோடு ஒப்பிட்டு வழி பிரிக்கும் பழைய ‘ஸ்விட்ச்’ இருந்த இடத்தில் எல்லாம் அதைப் போட்டேன். இத்தனைக்கும் மேல் ‘பிஎச்பிஸ்டான்’ என்ற கருவியை ஓட்டுகிறேன். நிரலை ஓட்டாமலே படித்து, வகை பொருந்தாத இடங்களைக் காட்டிக் கொடுத்துவிடும்.

அகரவரிசை பற்றி ஒரு பக்கம். ஊர்ப் பட்டியலில் பாளையங்கோட்டை முன்னாலும் பாவூர்சத்திரம் பின்னாலும் வந்தது. நம் நெடுங்கணக்கில் வகரத்துக்குப் பின்தான் ளகரம், ஆகவே பாவூர்சத்திரம்தான் முன்னால் வரவேண்டும். யூனிகோடின் எண் வரிசையில் ளகரம் முந்துகிறது, வரிசைப்படுத்தும் சாதாரண ‘சார்ட்’ ஃபங்ஷன் அந்த எண்ணைத்தான் பார்க்கும். மறுபடி ‘இன்டல்’தான் கை கொடுத்தது. அதிலுள்ள ‘கொலேட்டர்’ தமிழ் வரிசையை அறியும். கடை அண்ணாச்சி இதைக் குறை என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சரிசெய்தபிறகு, “இப்பத்தான் தம்பி பேரு கண்ணுல சட்டுன்னு படுது” என்றார்.

பிஎச்பி 8-க்கு மாறியபோது நடந்ததைத்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். 2020 நவம்பரில் வந்த அந்தப் பதிப்பு பழைய குறை ஒன்றைத் திருத்தியது. அதுவரை 0 என்ற எண்ணையும் எழுத்தாலான ஒரு சொல்லையும் இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால் இரண்டும் சமம் என்று வரும். 8-ல் அப்படி வராது. நல்ல திருத்தம். ஆனால் சோதனைக்காகப் பழைய பில்களை ஓட்டிப் பார்த்தபோது, கழிவே இல்லாத பில்லிலும் ‘கழிவு: 0’ என்று ஒரு வரி கூடுதலாக வந்தது. போய்ப் பார்த்தால், 2010-ல் நான் எழுதிய வரி. கழிவு எண்ணை ‘இல்லை’ என்ற சொல்லோடு ஒப்பிட்டிருக்கிறேன். எண்ணையும் சொல்லையும் ஒப்பிட்டது என் தப்பு. மொழியின் தப்பு அதை மூடி மறைத்ததால் பத்து வருஷத்துக்குமேல் சரியாக ஓடியிருக்கிறது. மொழி திருந்தியதும் என் தப்பு வெளியே வந்தது. மொழியைக் குறை சொல்லிச் சொல்லியே என் நிரலைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன் என்று அன்றைக்கு மனசில் பட்டது.

பதிப்பு மாற்றும்போது நான் கடைப்பிடிக்கிற முறையை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். கடையின் பழைய பில்களில் 300-ஐப் பொறுக்கி வைத்திருக்கிறேன். சாதாரண பில் கொஞ்சம்தான். வம்பு பிடித்தவைதான் அதிகம்: பழைய பித்தளை வரவு, சீர்வரிசைக் கழிவு, பாதியில் திருப்பிய சரக்கு, நீளப் பெயர். புதிய பதிப்பில் இந்த 300-ஐயும் மறுபடி ஓட்டி, பைசா வரைக்கும் பழையதோடு ஒப்பிடுவேன். ஒன்று மாறினாலும் காரணம் தெரியாமல் கடைக்குக் கொண்டுபோவதில்லை. பழைய நிரலையும் மொத்தமாகத் தூக்கிப் போடுவதில்லை. ஒரு மாதத்துக்கு ஒரு பகுதியை எடுத்து, அதற்குள் கிடக்கும் கடை வழக்கத்தை முதலில் தமிழில் எழுதி வைத்துவிட்டு, பிறகு திருத்துகிறேன். மைசீக்வல் தரவுத்தளத்தோடு பேசும் பழைய அழைப்புகள் பிஎச்பி 7-ல் நீக்கப்பட்டபோது பிடிஓ என்ற புது வழிக்கு மாறியதும் இப்படித்தான். 2018 முடிவில் பிஎச்பி 5.6-க்குப் பாதுகாப்புத் திருத்தம் நிற்பதற்கு முன்னால் முடித்துவிட்டேன்.

காலையில் டீக்கடையில் செய்தி படிப்பதை விடவில்லை. எதைப் படிக்கிறேன் என்பது மாறிவிட்டது. எந்த மொழி எத்தனையாவது இடம் என்பதைத் தாண்டிப் போய்விடுகிறேன். என் கடைகள் ஓடும் பதிப்பில் என்ன பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடித்தார்கள், அடுத்த பதிப்பில் பழைய நிரலை உடைக்கும் மாற்றங்கள் எவை என்ற பக்கத்தை வரி விடாமல் படிக்கிறேன். இப்போது ஒரு பிஎச்பி பதிப்புக்கு வெளிவந்ததிலிருந்து 4 வருஷம்வரை பாதுகாப்புத் திருத்தம் உண்டு. முடியும் தேதியை ஒவ்வொரு கடையின் காலண்டரிலும் குறித்து வைக்கிறேன். 2021-ல் இந்த மொழியைப் பராமரிப்பவர்களுக்குச் சம்பளம் கொடுக்க பிஎச்பி ஃபவுண்டேஷன் தொடங்கினார்கள் என்ற செய்தி, வேகப் போட்டிச் செய்திகள் எல்லாவற்றையும்விட எனக்கு நிம்மதி தந்தது. தமிழ் விக்கிப்பீடியா ஓடுவதும் பிஎச்பியில் எழுதிய மீடியாவிக்கி என்ற மென்பொருளில்தான். அங்கே ஒரு கட்டுரை படிக்கும்போது இதை நினைத்துக்கொள்வேன்.

போன 2025 செப்டம்பர் 22-ல் பாத்திரங்களுக்கு வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியது. 2017-ல் மூன்று வாரம் பிடித்த வேலை. இந்த முறை வரி அட்டவணையில் புது வரிகளைத் தேதியோடு சேர்த்தேன், 300 பில்லையும் ஓட்டிப் பார்த்தேன், சாயங்காலத்துக்குள் வீட்டுக்கு வந்துவிட்டேன். நிரல் இன்னும் அதே பிஎச்பிதான்.

ஆசாரிக்குக் கண் பார்வை குறைந்துவிட்டது. இப்போது முழு வேலையும் மருமகன்தான். தட்டு விஷயம் நடந்து கொஞ்ச நாளில் அவன் என்னிடம் ஒன்று கேட்டான்: “அண்ணே, சீட்டுல பேருக்குக் கீழ மொத்தம் எத்தன எழுத்துன்னு போட்டுக் குடுக்க முடியுமா? நான் எண்ணிப் பாத்துட்டு உளிய வைப்பேன்லா?” எனக்குத் தோன்றாத வேலி அது. அன்றைக்கே போட்டுக் கொடுத்தேன். நோட்டில் அந்தப் பக்கத்தில் அவன் சொன்னது என்றே எழுதியிருக்கிறேன்.

போன வாரம் கடைக்குப் போனபோது குத்துவிளக்கு ஒன்றில் ‘சுடலைமாடன் கோயில்’ என்று வெட்டவேண்டியிருந்தது. சீட்டின் அடியில் 9 என்று இருந்தது. சு, ட, லை, மா, ட, ன் என்று விரலை மடக்கினான். கோ, யி, ல். ஒன்பது. விளக்கைக் காலுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு முதல் குத்து வைத்தான்.